விளக்கெண்ணெய் மணக்கிற சேலை
(நூலும் நிறமும்: வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இயற்கைச் சாயத்தையும் ஆதிவாசி நெசவையும் பற்றியவை. தக்கலையிலிருந்து வந்த முதல் கடிதத்தைப் படித்ததும், மற்ற விஷயங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். நாகர்கோவில் வடசேரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் ஒடிசாவில் சுனாபேடா விமான எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு சேலை கொண்டுவந்தான். உடல் வெளுக்காத பருத்தி நிறம், கரை கருஞ்சிவப்பு, முந்தியில் நண்டும் மீனும். 'கோட்பாட்' சேலையாம். பிரித்தால் விளக்கெண்ணெயும் மாட்டுத் தொழுவமும் சேர்ந்தாற்போல ஒரு மணம். மருமகள், "கெட்டுப்போன சரக்கு அத்தை, திருப்பிக் கொடுத்து அனுப்புங்க" என்கிறாள். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யட்டும் அக்கா?
வாசகி, தக்கலை

பதில்: திருப்பி அனுப்பிவிடாதீர்கள் தங்கச்சி. அந்த மணம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு நிறைந்தது. கெட்டுப்போன சரக்கில் அந்த மணம் வராது. முறையாகச் சாயம் ஏற்றிய நூலில்தான் வரும்.

கோட்பாட் என்பது ஊரின் பெயர். கோராபுட் மாவட்டத்தில், ஜெய்ப்பூரிலிருந்து சத்தீஸ்கரின் ஜகதல்பூர் போகிற சாலையில் இருக்கிறது. (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் வேறு, இது ஒடிசா ஜெய்ப்பூர்.) 2019 ஜனவரியில் நான் அங்கே போயிருக்கிறேன். விசாகப்பட்டினத்தில் கிரந்துல் ரயிலைப் பிடித்து, அரக்கு மலையில் குகை குகையாக நுழைந்து நுழைந்து ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அங்கே நெய்கிறவர்கள் மிர்கான் சமூகத்தார். பலருக்குப் பாணிகா என்று குடும்பப் பெயர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்தது, சுற்றிலும் காட்டிலும் மலையிலும் வாழ்கிற பரஜா, பத்ரா, துருவா மக்கள் உடுத்துவதற்காக. கடைகளில் 'ட்ரைபல் சாரி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உடுத்துகிற கூட்டம் ஒன்று, அவர்களுக்காக நெய்கிற கூட்டம் ஒன்று, வேரைத் தோண்டிக் கொண்டுவருகிற கைகள் வேறு. அத்தனை பேரும் சேர்ந்துதான் உங்கள் மடியில் இருக்கிற சேலை.

இனி மணத்துக்கு வருகிறேன். அந்தக் கருஞ்சிவப்பு ஒரு மரத்தின் வேர்ப்பட்டையில் இருந்து வருகிறது. அங்கே அதற்கு 'ஆல்' என்று பெயர். நம் ஊர்க் கடைக்காரர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "ஆலமர வேர்ச் சாயம்" என்று விற்கிறார்கள். நம் ஆலமரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. அது நம் மஞ்சணத்தி மரத்துக்கு உறவு. (அந்தக் கதை கடைசிக் கேள்வியில் வருகிறது.)

பருத்தி நூல் சாயத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளாது. பட்டு வாங்கும், கம்பளி வாங்கும், பருத்தி முரண்டு பிடிக்கும். அதை இணங்க வைக்கத்தான் விளக்கெண்ணெய், சாணி, சாம்பல் தெளிநீர் மூன்றும். நான் போன வீட்டில் சாயவேலை முழுவதும் பெண்கள் கையில் இருந்தது. என்னைவிட மூத்த ஒரு அம்மாள் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, நூல் கழியைப் பரோட்டா மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்துகொண்டிருந்தார். எண்ணெய் விட்டுப் பிசைவது, சாம்பல் நீரில் முக்குவது, வெயிலில் போடுவது, மறுநாள் மறுபடி எடுத்துப் பிசைவது. இதே வேலை நாள்கணக்கில் நடக்கிறது. "எப்போது போதும் என்று தெரியும்?" என்று என்கூட வந்த பெண் மூலம் கேட்டேன். அவர் ஒரு இழையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். நூல் என்றே தோன்றவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் முடி மாதிரி இருந்தது. அவ்வளவுதான் பதில், வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் வேர்ப்பட்டையை இடித்துப் பொடித்து, தண்ணீரில் போட்டு, நூலை உள்ளே விட்டுக் காய்ச்சுவது. சிவப்பு வேண்டுமென்றால் அப்படியே. காப்பிக்கொட்டை நிறமும் கறுப்பும் வேண்டுமென்றால் அன்னபேதி சேர்ப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறக் கட்டியாகக் கிடைக்குமே, அதேதான், இரும்பு உப்பு. வெளுக்காத நூலின் நிறம், சிவப்பு, காப்பி, கறுப்பு. கோட்பாட் சேலையின் பழைய நிறங்கள் இவ்வளவே. நூல் கழியைக் கையில் எடுத்ததில் இருந்து சாயம் முடிகிறவரை ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

மதுரையிலும் இதே பக்குவம் இருந்தது. சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் உமிரிச் செடியைச் சுட்ட சாம்பலும் எண்ணெயும் சேர்த்து நூலைப் பதமாக்கித்தான் சாயவேர் என்கிற செடியின் வேர்ச் சிவப்பை ஏற்றினார்கள். ஆகவே அந்த மணம் நம் பாட்டிமார் மூக்குக்குப் புதிதாக இருந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. சேலையை நிழலில், காற்றோட்டமான கொடியில் ஒரு வாரம் போடுங்கள். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு அலசு. இரண்டு மூன்று அலசலில் மணம் போய்விடும், நிறம் போகாது. வருடம் ஆக ஆக அந்தச் சிவப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். மருமகளிடம் சேலையின் கரையைத் திருப்பிக் காட்டுங்கள். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறதா? மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற தறிக்கட்டை) ஓட்டி நெய்தது அது. காஞ்சிபுரத்தில் கோர்வை என்கிறார்களே, அந்த ஜாதி வேலை. மகன் நல்ல கண்ணுள்ளவன். அவனிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு கண்காட்சியில், "ஆதிவாசிகள் கையால் நெய்தது, மூலிகைச் சாயம்" என்று சொல்லி ஒரு பச்சைச் சேலை வாங்கினேன். முதல் தண்ணீரிலேயே சாயம் வழிந்து, கூட ஊறிய வேட்டியும் போச்சு. கேட்டால், "இயற்கைச் சாயம் என்றால் அப்படித்தான் போகும்" என்கிறார்கள். உண்மையா?
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உண்மை இல்லை. இந்தப் பொய்யைச் சொல்லித்தான் இன்றைக்குப் பாதிச் சரக்கு விற்கிறது, எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஒரு மாதம் எண்ணெயிலும் சாம்பலிலும் நூலைப் பிசைகிறவள் எதற்காகப் பிசைகிறாள்? சாயம் வழியக்கூடாது என்பதற்காகத்தானே. அவுரி நீலத்தில் முதல் அலசலில் மேலோட்டமாகக் கொஞ்சம் கசியும், கையில் லேசாக ஒட்டும். அது மேலே படிந்த தூள். வாளித் தண்ணீர் முழுக்கப் பச்சையாகி, பக்கத்துத் துணியையும் கெடுத்தால், அது ஒழுங்காகக் கட்டாத சாயம். மூலிகையோ ரசாயனமோ, கட்டாத சாயம் கட்டாத சாயம்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடம் முன்பு வீட்டு வாசலுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் 'சுத்த அவுரி' என்று நம்பி, தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு இரண்டு சேலை எடுத்தேன். மடித்து வைத்த பெட்டியிலேயே, கீழே இருந்த அம்மையின் கசவு நேரியலில் (ஜரிகைக் கரை போட்ட மேல்துணி) நீலம் இறங்கிவிட்டது. அம்மை உடுத்தி மிஞ்சியிருந்த ஒரே நேரியல். இன்னும் அந்தக் கறையோடு வைத்திருக்கிறேன்.

இனி வாங்கும்போது பாருங்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, கரையின் உள்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார். அடுத்து, எந்த ஊர்ச் சேலை என்று கேளுங்கள். 'ஆதிவாசி' என்பது ஊர் இல்லை. கோட்பாட் என்று சொல்லிக் கிளிப்பச்சையும் ரோஸும் காட்டினால், வேர்ச் சாயத்தில் அந்த நிறம் எப்படி வந்தது என்று கேளுங்கள். கோட்பாட் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது, ஒடிசாவில் முதலில் அதைப் பெற்ற பொருள் அதுதான். 2018-இல் அந்த ஊர் நெசவாளர் கோவர்தன் பாணிகாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவ்வளவு பெயருள்ள ஊரின் சரக்கை விற்கிறவருக்கு ஊர்ப் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

சேலை ஓரத்தில், விளிம்பை ஒட்டி, சீரான இடைவெளியில் சின்னச் சின்ன ஊசித்துளைகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இருக்க அகலத்துக்கு ஒரு கம்பு கொடுப்போம், அதன் முனை குத்திய தடம். எல்லாக் கைத்தறியிலும் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரிந்தால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும், அதனால் சொன்னேன்.

கேள்வி: மறுவீட்டுக்கு உடுத்தலாம் என்று கறுப்பும் சிவப்புமான கோட்பாட் சேலை ஒன்று எடுத்தேன். மாமியார், "கல்யாண வீட்டுக்குக் கறுப்பா?" என்று முகம் சுளிக்கிறார்.
வாசகி, சுசீந்திரம்

பதில்: அந்தப் பக்கத்து ஆதிவாசிக் குடும்பங்களில் இந்தச் சேலைதான் கல்யாணத்துக்கு உடுத்துவது. முழங்கால் அளவு கட்ட 8 முழம், கணுக்கால் வரை கட்ட 16 முழம் என்று நெய்வார்கள். அவர்களுக்கு மங்கலமான நிறம் நமக்கு ஆகாமல் போகாது. ஆனால் ஒரு சேலைக்காக மாமியார் மனதை நோகடிக்க வேண்டாம் மகளே. மறுவீட்டுக்கு வேறு உடுத்துங்கள். இதை ஒரு சாதாரண நாளில் உடுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தியில் இருக்கிற நண்டையும் சங்கையும் படகையும் காட்டுங்கள். அவரே கேட்டு வாங்கி உடுத்துவார்.

கேள்வி: நான் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். பவர்லூம் சேலை 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இயற்கைச் சாயக் கைத்தறி என்றால் 9,000, 12,000 என்கிறார்கள். பணக்காரர்களுக்கு மட்டும்தானா இது? அந்தப் பணம் நெய்கிறவர்களுக்குப் போகிறதா?
மாணவி, நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி, கோபத்தோடு கேட்டிருக்கிறாய். அந்தக் கோபம் இருக்கட்டும், கணக்கையும் பார்ப்போம்.

நூலுக்குச் சாயம் ஏற்ற ஒரு மாதம் என்றேன். ஒரே நேரத்தில் பல சேலைக்கான நூலைச் சேர்த்துச் செய்வார்கள் என்பதால், ஒரு சேலைக்கு 5 நாள் வேலை என்று வைத்துக்கொள். பாவு (நீளவாட்டு இழை) ஓடுவது, கஞ்சி போடுவது, தறியில் பிணைப்பது, தார் (குறுக்கு நூல் குழல்) சுற்றுவது எல்லாம் சேர்த்து 3 நாள் வை. நெசவு, முந்தியில் புட்டா, அதாவது நண்டு மீன் மாதிரி உருவங்கள், நிறைய இருந்தால் 12 நாள் வை. மொத்தம் 20 நாள். நாளைக்கு 400 ரூபாய் கூலி என்றாலே 8,000 ஆகிவிட்டது. நூல் விலை, வேர் விலை, விறகு இன்னும் சேர்க்கவில்லை. நம் ஊரில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர் 400 ரூபாய்க்கு வருவாரா என்று வீட்டில் கேட்டுப் பார். ஆக 9,000 ரூபாய்ச் சேலையில் நெய்தவர் கொள்ளையடிக்க இடமே இல்லை. அதே சேலையை நகரத்துக் கண்ணாடிக் கடையில் 25,000-க்கு வைத்தால், அங்கே கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கேட்க வேண்டும்.

புட்டா வேலை என்றால் என்னவென்று தெரியாமல் நாள் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அந்த நண்டு அச்சடித்ததும் இல்லை, ஊசியால் தைத்ததும் இல்லை. சாதாரண ஊடை (குறுக்கு நூல்) ஒருமுறை ஓடும். அடுத்து, நண்டு வரவேண்டிய இடத்தில் மட்டும் பாவு இழைகளை விரலால் எண்ணித் தூக்கி, தனி நூலை உள்ளே விட வேண்டும். மறுபடி ஊடை. மறுபடி எண்ணிக்கை. நண்டுக்கு ஒரு கால் முளைப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். வரைபடம் எதுவும் எதிரில் இல்லை. நான் பார்த்த நெசவாளர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார். எங்கள் அப்பாவும் புளியிலைக் கரை நெய்யும்போது அப்படித்தான். எண்ணிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கூப்பிட்டால் திரும்பமாட்டார், இடது கையை மட்டும் உயர்த்துவார். அந்தக் கை இறங்குகிறவரை வீட்டில் யாரும் பேசமாட்டோம். அடுக்களையில் அம்மை தாளிப்பதைக்கூட நிறுத்தி வைப்பாள்.

வேர்ச் சாயம் ஒரு காலத்தில் எல்லோருக்குமானதாக இருந்தது. 1856-இல் இங்கிலாந்தில் முதல் செயற்கைச் சாயம் வந்தது. 1860-களின் கடைசியில், சாயவேரில் இருக்கிற அதே சிவப்பை நிலக்கரித் தாரில் இருந்து செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1897-இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குள் உலகம் முழுக்க வேர் தோண்டுகிறவர்களுக்கும் அவுரி விதைக்கிறவர்களுக்கும் வேலை போயிற்று. கோட்டாறில் என் மாமா சாயத்தொட்டி வைத்திருந்தார். எல்லாம் பொட்டலச் சாயம். ஓணம் வியாபாரத்துக்கு முன்னால் அவர் நகக்கண்கள் சிவப்பாகவும் பச்சையாகவும் இருக்கும், சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கும் ஆறு பிள்ளைகள்.

உன்னால் இப்போது சேலை வாங்க முடியாவிட்டால் ஒன்றும் குறைவில்லை. கோட்பாட்டில் துண்டும், மேல்போடுகிற துப்பட்டாவும் நெய்கிறார்கள். அதே நூல், அதே வேர். ஒரு துப்பட்டாவை வாங்கிப் பத்து வருடம் போடு.

கேள்வி: குலசேகரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகளில் இருந்து பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். நம் மாவட்டத்துப் பழங்குடிகளுக்கு இப்படி ஒரு நெசவு மரபு உண்டா? வகுப்பில் சொல்ல ஆசை.
ஆசிரியர், குலசேகரம்

பதில்: காணி மக்களின் கைத்திறமை மூங்கிலிலும் பிரம்பிலும் இருக்கிறது சார். அவர்கள் முடைகிற கூடையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு இரண்டு என்று ஓடுகிற அந்தக் கணக்கும், தறியில் ஓடுகிற கணக்கும் ஒன்றுதான். நெசவு என்றால் துணி மட்டும் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் ஒரு காணிப் பிள்ளையின் பாட்டியை அழைத்து உட்காரவைத்து முடையச் சொல்லுங்கள். நான் எழுதுவதைவிட அது நன்றாக விளங்கும்.

தமிழ்நாட்டில் ஆதிவாசித் துணி என்றால், நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி என்கிற போர்வையைச் சொல்லலாம். அதிலும் துணியை அவர்கள் நெய்வதில்லை. வெளியில் நெய்த முரட்டு வெள்ளைத் துணியை வாங்கி, இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் நூலால் பெண்கள் தைக்கிறார்கள். நெருங்கிப் பார்த்தாலும் நெய்தது போலவே இருக்கும், அவ்வளவு துல்லியம். 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகிழக்கே போனால் கதை வேறு. நாகாலாந்திலும் மணிப்பூரிலும் பெண்கள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, தங்கள் உடம்பையே தறியின் ஒரு முனையாக்கி நெய்கிறார்கள். முன்னும் பின்னும் சாய்ந்துதான் பாவை இறுக்குவதும் தளர்த்துவதும்.

கேள்வி: எங்கள் வீடு குளச்சலில், கடலுக்கு ரொம்பப் பக்கம். உப்புக்காற்றில் இப்படிப்பட்ட சேலையை எப்படி வைப்பது? நாப்தலின் உருண்டை போடலாமா?
வாசகி, குளச்சல்

பதில்: உருண்டை வேண்டாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு இரண்டைத் துணியில் முடிந்து கூட வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். மாதம் ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். எலுமிச்சை, புளி, வாசனைத் திரவியம் படாமல் பாருங்கள், புளிப்பு பட்ட இடத்தில் வேர்ச் சிவப்பு மஞ்சளித்துப் போகலாம். கறுப்பு ஓடுகிற இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இரும்பு இருக்கிறது. ஈரம் தங்கினால் மற்ற இடத்தைவிடக் கறுப்பு இழைதான் முதலில் நையும். ஆகவே மழைக்காலத்தில் உடுத்தினால், வியர்வையோடு மடித்து வைக்காமல் நன்றாக ஆறவிட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் விளையில், வேலியோரம் நாலைந்து மஞ்சணத்தி நிற்கிறது. அதன் வேரிலும் சாயம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? வீட்டில் செய்து பார்க்கலாமா?
வாசகர், பூதப்பாண்டி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

கோட்பாட்டின் ஆல் மரமும் நம் மஞ்சணத்தியும் ஒரே இனத்துச் செடிகள். வடக்கே நுணா என்பார்கள். நமக்கு அது வேலி மரம், மாட்டுக்கு நுகத்தடி செய்கிற மரம், குழந்தைக்கு வயிறு பொருமினால் இலையை வாட்டிப் போடுகிற மரம். கறுத்துப் பழுத்த பழத்தைத் தின்றுவிட்டு நாக்கைக் காட்டி விளையாடியிருக்கிறோம். அதன் வேருக்குள் ஒரு சிவப்பு இருக்கிறது என்று எங்கள் தெருவில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அறுபது வருடம் சாயநூலோடு வாழ்ந்த அப்பாவே சொன்னதில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், கோட்பாட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வேரைக் கையில் எடுத்து முகர்ந்தபோதுதான், இது நம் வேலி மரத்தின் வாசமாயிற்றே என்று எனக்கு உறைத்தது.

திரும்பி வந்ததும் செய்து பார்த்தேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தங்கச்சி வீட்டு வேலியில் ஒரு மஞ்சணத்தி சாய்ந்துவிட்டது. அதன் பக்கவேர் ஒன்றை வெட்டி, கழுவி, கறிக்கத்தியால் தோலைச் சீவினேன். வெளித்தோல் மண் நிறம். அதை லேசாகச் சுரண்டினால் உள்ளே மஞ்சள், பசுமஞ்சள் கிழங்கை ஒடித்த மாதிரி. விரலெல்லாம் ஏறிக்கொண்டது, நாலு நாள் போகவில்லை. சீவியதைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் தண்ணீர் மஞ்சளாக நின்றது. வெற்றிலைச் செல்லத்தில் இருந்து மிளகளவு சுண்ணாம்பை எடுத்து அதில் கரைத்தேன். கண்முன்னால் சிவந்தது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீர் சிவக்குமே, அதே மாதிரி. தங்கச்சியின் பேத்தி "பாட்டி, ரத்தம்!" என்று கத்தினாள்.

ஆனால் அந்தச் சிவப்பைத் துணியில் நிறுத்துவது வேறு பாடு. முதல் துண்டு, அலசினதும் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான் மனதுக்கு ஒத்த நிறம் வந்தது. அந்த முறையைச் சொல்கிறேன்.

கஞ்சி இல்லாத பழைய பருத்தித் துணி, கைக்குட்டை அளவில் எடுங்கள். நன்றாக வேகவைத்து அலசுங்கள். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, துணியை ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். அலச வேண்டாம். மறுநாள் படிகாரத் தண்ணீரில் அதே மாதிரி ஓர் இரவு. காய்ந்ததும் லேசாக ஒரு அலசு. துணியின் எடைக்கு எடை வேர்ப்பட்டையை இடித்துப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் துணியை இறக்கி, சிறுதீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். கை பொறுக்காத சூட்டில் ஒன்றரை மணி நேரம், கம்பால் புரட்டிக்கொண்டே இருங்கள். பானை ஆறுகிறவரை துணி உள்ளேயே கிடக்கட்டும். இரும்புச் சட்டியில் செய்தால் நிறம் கறுக்கும், மண்பானையோ எவர்சில்வரோ எடுங்கள். எனக்குச் செங்கல்லுக்கும் காவிக்கும் நடுவே ஒரு நிறம் வந்தது. கோட்பாட்டுக் கருஞ்சிவப்பு வரவில்லை. எண்ணெய் விட்டுப் பிசைகிற அந்த ஒரு மாதத்தை நான் செய்யவில்லை அல்லவா. அடுத்த கோடையில் அதையும் செய்யலாம் என்று விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். சாம்பலுக்குத் தென்னம்பாளையைச் சுட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று தம்பி. சாயம் வேர்ப்பட்டையில் இருப்பதால், ஆசைப்பட்டுத் தோண்டினால் மரம் பட்டுப்போகும். நாலைந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மரமாகப் பார்த்து, அடிமரத்தில் இருந்து இரண்டு முழம் தள்ளித் தோண்டி, சுண்டுவிரல் பருமனில் ஒரே ஒரு பக்கவேரை மட்டும் எடுங்கள். ஆணிவேர்ப் பக்கம் போகவே வேண்டாம். எடுத்த குழியை அன்றைக்கே மண் தள்ளி மூடி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அந்த மரத்தை அடுத்த மூன்று வருடம் தொடாதீர்கள். துணியில் என்ன நிறம் வந்தது என்று ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள், என்னுடைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.